பெட்டியடிப் பையனும் பிஹெச்.டி-யும்... காரைக்குடி கேட்கும் கணக்கு!

"பி.காம் முடிச்சாச்சு. அடுத்து என்ன?"

ரிசல்ட் வருகிற மாதத்தில் காரைக்குடி செக்காலைப் பக்கம் எந்த வீட்டு வளவுக்குள் நுழைந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். அப்பா, "எம்.காம் சேரு, நெட் எழுது, காலேஜ்ல வேலைக்குப் போயிடலாம்" என்பார். மாமா குறுக்கே புகுந்து, "அதெல்லாம் எதுக்குங்க மாப்ள, நல்ல ஆடிட்டர்கிட்ட சேர்த்துவிடுங்க, சி.ஏ பண்ணட்டும்" என்பார். இரண்டு கட்சியும் மல்லுக்கட்டிக் கொண்டிருக்கும்போது, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தா மட்டும் நிதானமாக ஒன்று கேட்பார்.

"ஏன் ஆத்தா, மூணு வருஷம் படிச்சியே... நம்ம கடை வரவு செலவை எழுதி, இந்த வருஷம் லாபமா நட்டமான்னு சொல்லத் தெரியுமா?"

பேத்தி செல்போனைப் பார்ப்பாள்.

அப்பத்தாவின் கேள்வி பேத்திக்கு மட்டுமானதல்ல. தமிழ்நாட்டின் ஒவ்வொரு வணிகவியல் துறையின் வாசலிலும் அது நின்றுகொண்டிருக்கிறது. பல்கலைக்கழகத்தில் கணக்கியல் சொல்லித் தருவது எதற்காக? வேலை தெரிந்த ஆளைத் தயார் செய்யவா, அந்த வேலையைப் பற்றி யோசிக்கிற ஆளைத் தயார் செய்யவா? இதைக் கேட்பதற்கு காரைக்குடியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. பல்கலைக்கழகம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த ஊர் கணக்குப் படிப்புக்குப் பேர் போனது.

கடையே காலேஜ்!

நகரத்தார் வட்டிக்கடைகளில் பட்டம் கிடையாது, பதவி உண்டு. மேலே முதலாளி. கடையை நடத்துபவர் மேலாள். அவருக்கு உதவி அடுத்தாள். கடைசியில், பணப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுபிடி வேலை பார்க்கும் சின்னப் பையன். அவனுக்குப் பெட்டியடிப் பையன் என்று பெயர். தண்ணீர் கொண்டுவருவது, கடிதம் கொண்டுபோவது, பெரியவர்கள் எழுதும் சிட்டையையும் பேரேட்டையும் பக்கத்திலிருந்து பார்ப்பது... இதுதான் அவனுடைய முதல் செமஸ்டர். மாகாணி, அரைக்காணி, முந்திரி என்று பின்ன வாய்ப்பாடு ஏற்கெனவே மனப்பாடம் ஆகியிருக்கும். முந்திரி என்றால் 320-ல் ஒரு பங்கு. அந்த அளவு நுணுக்கத்தில் வட்டியை வாயாலேயே சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். கால்குலேட்டர் இல்லாத காலம் என்று சமாதானம் சொல்லலாம்தான். கால்குலேட்டர் இருக்கிற காலத்தில் நமக்கு வருகிறதா என்பது வேறு விஷயம்!

அங்கிருந்து ரங்கூன், பினாங்கு, கொழும்பு, சைகோன் என்று கப்பல் ஏறுவார்கள். வழக்கமாக 3 வருஷ ஒப்பந்தம். கடல் தாண்டி இருக்கும் கடையின் நிலைமையை ஊரில் இருக்கும் முதலாளி தெரிந்துகொள்ள ஒரே வழி, அங்கிருந்து வரும் கணக்குதான். சொத்து எவ்வளவு, கடன் எவ்வளவு என்பதைத் திரட்டிச் சொல்லும் அந்த முடிவுக் கணக்குக்கு ஐந்தொகை என்று பெயர். நம் ப்ளஸ் டூ புத்தகம் அதை 'இருப்புநிலைக் குறிப்பு' என்கிறது. இலங்கையில் தமிழ் வழியில் கணக்கியல் படிக்கும் பிள்ளைகள் 'ஐந்தொகை' என்றே எழுதுகிறார்கள். நம்மிடம் தொலைந்த சொல், கடலுக்கு அந்தப் பக்கம் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், இன்றைய சி.ஏ ஆர்ட்டிக்கிள்ஷிப்புக்கு அண்ணன் முறை இந்தப் பெட்டியடிப் பயிற்சி.

பேரேட்டில் இல்லாத கேள்வி

அப்படியானால் அதுவே போதுமே, பல்கலைக்கழகம் எதற்கு என்று தோன்றும். இங்கேதான் பர்மா கதை வருகிறது.

1930-ல் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் சுமார் 6 சதவிகிதம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938-க்குள் அது 25 சதவிகிதமாக ஏறியது. கேட்பதற்கு வளர்ச்சி மாதிரி இருக்கிறது அல்லவா? உண்மையில் அது நெருக்கடி. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் வாங்கிய விவசாயியால் கட்ட முடியவில்லை. பணத்துக்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது. நிலத்தை வாங்க ஆள் இல்லை. பிறகு போர், வெளியேற்றம். சுதந்திர பர்மா 1948-ல் நிலத்தை நாட்டுடைமை ஆக்கச் சட்டம் போட்டது. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பல, பூட்டிக் கிடப்பதன் பின்னால் இந்தக் கதையும் இருக்கிறது.

ஒவ்வொரு கடையின் பேரேடும் சரியாகத்தான் இருந்திருக்கும். பற்றும் வரவும் பைசா பிசகாமல் நேர்ந்திருக்கும். ஆனால், 'எல்லாக் கடைக்காரர்களும் ஒரே பயிரை நம்பி, ஒரே மாதிரி நிலத்தின் மேல் கடன் கொடுத்திருக்கிறோமே, நெல் விலை பாதியானால் நம் ஐந்தொகை என்ன ஆகும்?' என்ற கேள்விக்குப் பேரேட்டில் பக்கம் கிடையாது. அதற்காக அவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. அந்த மந்தத்தை மேல்நாட்டுப் பெரிய பேங்க்குகளே எதிர்பார்க்கவில்லை. ஆனாலும், கணக்கை எழுதுவது ஒரு வேலை, எழுதிய கணக்கைச் சந்தேகப்படுவது இன்னொரு வேலை என்பது அங்கே தெரிந்துபோனது. இரண்டாவது வேலைக்குத்தான் ஆராய்ச்சி என்று பெயர்.

அதே காலத்தில் 1937 பிப்ரவரி 10-ம் தேதி எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க்கைத் தொடங்கினார். முதல் நாளே 3 ஊர்களில் கிளைகள்: சென்னை, ரங்கூன், காரைக்குடி. வட்டிக்கடை பேங்க் ஆக மாறிய காலம் அது.

300 ஏக்கர் கொடுத்தவர் போட்ட கணக்கு

பக்கத்து ஊர் கோட்டையூரில் 1909-ல் பிறந்தவர் அழகப்பச் செட்டியார். எம்.ஏ ஆங்கிலம் படித்து, லண்டனில் பாரிஸ்டர் ஆகி, வியாபாரத்தில் சம்பாதித்ததை எல்லாம் காரைக்குடியில் கல்விக்கே கொட்டியவர். 1947-ல் கல்லூரி. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வருவதற்காக அவர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். உடனே லாபம் தராத ஆராய்ச்சிக்கு அவ்வளவு பெரிய தொகையை எழுதிக் கொடுத்தவர், லேவாதேவிக் குடும்பங்களின் ஊரில் பிறந்தவர் என்பதுதான் இதில் அழகு.

அவர் விதைத்த கல்வி நிறுவனங்களின் மேல்தான் 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகம் எழுந்தது. இன்று அங்கே வணிகவியல், நிறுமச் செயலாண்மை, மேலாண்மை எனத் துறைகள் இருக்கின்றன. சிவகங்கை, ராமநாதபுரம் மாவட்டக் கல்லூரிகளில் பி.காம் படிக்கும் பிள்ளைகளின் பாடத்திட்டமும் பட்டமும் இங்கிருந்துதான் போகின்றன. அதாவது, இந்தத் துறைகளில் என்ன முக்கியம் என்று முடிவாகிறதோ, அதுதான் திருப்பத்தூரிலும் பரமக்குடியிலும் ஒரு முதல் தலைமுறைப் பட்டதாரியின் கையில் போய்ச் சேரும்.

ஆசிரியருக்கு எதற்கு மார்க்?

இப்போது ஆசிரியர் பக்கம் வரலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி ஓர் உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாக வகுப்பு எடுக்க வேண்டும். நேரடி நியமனத்தில் இணைப் பேராசிரியர் ஆக வேண்டுமென்றால் குறைந்தது 7 ஆய்வுக் கட்டுரைகளும் 75 ஆராய்ச்சி மதிப்பெண்ணும் வேண்டும். பேராசிரியர் என்றால் 10 கட்டுரை, 120 மதிப்பெண். வணிகவியலில் அங்கீகரிக்கப்பட்ட இதழில் ஒரு கட்டுரை வந்தால் 10 மதிப்பெண். மேற்பார்வையில் ஒரு மாணவர் பிஹெச்.டி வாங்கினால் 10.

ஒரு மாணவியை உட்காரவைத்து ஜி.எஸ்.டி ரிட்டர்ன் போடக் கற்றுக் கொடுத்தால்? அந்த அட்டவணையில் அதற்கு வரிசையே இல்லை.

ஆகவே மதிப்பெண் எங்கே இருக்கிறதோ அங்கே கட்டுரை குவிகிறது. எந்தப் பல்கலைக்கழகம் என்றில்லை, தமிழ்நாட்டில் வணிகவியல் ஆய்வுத் தலைப்புகளைப் புரட்டினால் 'இன்ன தாலுகாவில் வாடிக்கையாளர் திருப்தி' என்ற வாசகம் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். தாலுகாவை மாற்றினால் தலைப்பு தயார். நூறு பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து, 'மிகவும் திருப்தி, திருப்தி, பரவாயில்லை' என்று டிக் போடச் சொல்லி, சதவிகிதம் போட்டு முடிப்பது. இதைப் படித்து எந்தக் கடைக்காரரும் எதையும் மாற்றிக்கொண்டதாகத் தெரியவில்லை. பிஹெச்.டி ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை 2022-ல் மானியக் குழுவே எடுத்துவிட்டது. எம்.ஃபில் பட்டத்துக்கும் அதே விதிமுறையில் விடை கொடுத்தாயிற்று. கட்டுரை எண்ணிக்கைக்காகவே பணம் வாங்கிக்கொண்டு அச்சடிக்கும் இதழ்கள் பெருகியதைப் பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று விளங்கும்.

சரி, ஆராய்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு டேலி, ஜி.எஸ்.டி, எக்ஸெல் மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதுமா? மாமா கட்சி அதைத்தான் சொல்கிறது. 'நான் முதல்வன்' திட்டம் 2022-ல் வந்த பிறகு கல்லூரிகளில் திறன் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது, நல்லதுதான். ஆனால், ஒரு சாஃப்ட்வேரின் பட்டனைப் பழகியவருக்கு, அந்த பட்டன் இடம் மாறும் வரைதான் வேலை. 2017 ஜூலை 1-ம் தேதி ஜி.எஸ்.டி வந்தபோது, வாட் படிவங்களை மட்டும் மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் புது மாணவர்கள் ஆனார்கள். வரி என்றால் என்ன, அது எங்கே ஏறி எங்கே இறங்குகிறது என்று புரிந்தவர்கள் ஒரு மாதத்தில் சமாளித்துவிட்டார்கள்.

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் 1959-ல் ஃபோர்டு அறக்கட்டளைக்காக கார்டன், ஹோவெல் என்ற இருவர் எழுதிய அறிக்கை, வணிகப் பள்ளிகள் வெறும் தொழிற்பள்ளிகளாக இருப்பதாகச் சாடியது. உடனே எல்லாரும் ஆராய்ச்சிப் பக்கம் சாய்ந்தார்கள். 2005-ல் பென்னிஸ், ஓ'டூல் என்ற இரு பேராசிரியர்கள், சாய்ந்தது அளவுக்கு மீறிவிட்டது, வியாபாரம் தெரியாதவர்கள் வியாபாரம் சொல்லித் தருகிறார்கள் என்று எழுதினார்கள். ஊஞ்சல் அங்கேயும் நிற்கவில்லை!

ஒரு பிஹெச்.டி, ஆடிட்டர் கைக்குப் போன கதை

ஆராய்ச்சி என்றால் அலமாரிக்குத்தான் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கதை. ஆற்றின் நீளம், ஊரின் மக்கள்தொகை, பில் தொகை போன்ற எண்களை நிறையச் சேர்த்து, ஒவ்வொன்றின் முதல் இலக்கத்தை மட்டும் பாருங்கள். 1 முதல் 9 வரை சமமாக வரும் என்றுதான் தோன்றும். வராது. சுமார் 30 சதவிகித எண்கள் 1-ல் ஆரம்பிக்கும். 9-ல் ஆரம்பிப்பவை 5 சதவிகிதத்துக்கும் குறைவு. 1938-ல் ஃபிராங்க் பென்ஃபோர்டு இதை விரிவாக எழுதியதால் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

இதைக் கணக்கியலுக்குள் இழுத்து வந்தவர் மார்க் நிக்ரினி. 1992-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் அவர் செய்த பிஹெச்.டி, இலக்கங்களை வைத்து வரி ஏய்ப்பைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது பற்றியது. மனிதர்கள் பொய்யாக எண் எழுதும்போது இந்த இயற்கையான விகிதம் தெரியாமல் எழுதுவார்கள், அங்கே மாட்டிக்கொள்வார்கள் என்பதுதான் அடிப்படை. இன்று தணிக்கை சாஃப்ட்வேர்களில் இந்தச் சோதனை ஒரு பட்டன். எக்ஸெல் தெரிந்த பி.காம் மாணவி அரை மணி நேரத்தில் தன் அப்பா கடையின் ஒரு வருஷ பில்களை வைத்தே செய்து பார்க்கலாம். ஒரே விலையில் பொருள் விற்கும் கடைக்கு இது பொருந்தாது. விகிதம் மாறினாலே திருட்டு என்றும் அர்த்தமில்லை, எங்கே கூடுதலாகத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் காட்டும்.

தோண்டாமல் விட்டால் என்னவாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சத்யம் இருக்கிறது. 2009 ஜனவரி 7-ம் தேதி அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், கணக்கில் காட்டிய 5,361 கோடி ரூபாய் ரொக்க, பேங்க் இருப்பில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டார். அந்தக் கணக்கில் கையெழுத்திட்டவர்கள் பயிற்சி இல்லாதவர்களா? எல்லாத் தேர்வும் எழுதித் தேறியவர்கள். பயிற்சி இருந்தும், கேட்க வேண்டிய கேள்வி கேட்கப்படவில்லை.

வாசலிலேயே காத்திருக்கும் ஆய்வு

காரைக்குடிக்கு ஒரு பெரிய வசதி உண்டு. பயிற்சி, ஆராய்ச்சி இரண்டுக்கும் சேர்த்துத் தீனி போடும் விஷயங்கள் ஊருக்குள்ளேயே கிடக்கின்றன. ஆத்தங்குடி டைல் கையால் செய்வது. வெயில், ஆள் கூலி, உடையும் டைல் எல்லாம் சேர்த்து ஒன்றின் அடக்கவிலை என்ன? மெஷின் டைலோடு போட்டி போட்டு எந்த விலைக்குக் கீழே இறங்கினால் நட்டம்? இதை ஒரு மாணவி போய் உட்கார்ந்து கணக்கிட்டால், அது அடக்கவிலைக் கணக்கியலில் பயிற்சி. பத்துப் பட்டறைகளில் செய்து ஒப்பிட்டால் ஆராய்ச்சி. பட்டறைக்காரருக்கும் பயன், துறைக்கும் கட்டுரை. கண்டாங்கிச் சேலை நெசவு, பனையோலைக் கொட்டான் முடையும் பெண்களின் குழுக்கள், பலகாரம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் வீடுகள் என்று பட்டியல் நீளும்.

இன்னொன்று, பழைய கணக்குகள். நகரத்தாரின் வணிக முறை பற்றி உலகம் இன்று எடுத்துப் படிக்கும் முக்கியமான புத்தகத்தை 1994-ல் எழுதியவர் டேவிட் ரட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர். நம்மூர்க் கணக்கைப் பற்றி நம்மூர்க் கணக்குப் பேராசிரியர்கள் அல்லவா முதலில் எழுதியிருக்க வேண்டும் என்று உரிமையோடு கோபித்துக்கொள்ளலாம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர் பழைய தமிழ்ப் புத்தகங்களையும் நோட்டீஸ்களையும் சேர்த்துவைத்ததால்தான், இன்று சென்னையில் அவர் பெயரில் ஓர் ஆராய்ச்சி நூலகமே இருக்கிறது. பேரேடுகளுக்கும் அப்படி ஒருவர் தேவைப்படுகிறார். பங்கு பிரித்து வீட்டை இடிக்கும்போது தேக்குத் தூணுக்கு விலை உண்டு. பரணில் கிடக்கும் சிட்டைக்குப் பழைய பேப்பர் விலைதான். தமிழ் எண்களையும் பின்னக் குறிகளையும் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே வணிகவியல் மாணவர்கள் நாலு பேர் அவர்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் நல்லது. இதற்குப் பெரிய நிதி தேவையில்லை, ஒரு செல்போன் கேமராவும் பொறுமையும் போதும்.

சொல்லித் தர ஆள்? அதற்கும் வழி இருக்கிறது. 2022-ல் மானியக் குழு 'ப்ரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ்' என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. துறையில் 15 வருஷம் அனுபவம் உள்ளவர், பிஹெச்.டி இல்லாவிட்டாலும் பேராசிரியராக வந்து பாடம் எடுக்கலாம். மொத்தப் பணியிடங்களில் 10 சதவிகிதம் வரை இப்படி வைத்துக்கொள்ள அனுமதி. பேங்க் மேனேஜர்களும் ஆடிட்டர்களும் ஓய்வு பெற்றுத் திரும்பிவரும் ஊர் இது. ஆட்களைத் தேடிச் சென்னைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால், அவர்களை வரவேற்பதோடு ஏற்கெனவே இருக்கும் ஆசிரியரின் சுமையையும் குறைக்க வேண்டும். 16 மணி நேர வகுப்பு, நாக் கமிட்டிக்கான ஃபைல், தேர்வுப் பணி எல்லாம் முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி செய் என்றால், தாலுகாவை மாற்றித் தலைப்பு வைக்கத்தான் செய்வார்கள்.

திண்ணைக்குத் திரும்பினால்...

அப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் மாட்டிய அந்தப் பேத்திக்கு ஒரு தகவல். இரண்டும் ஒன்றையொன்று அடைக்கும் பாதைகள் அல்ல. சி.ஏ, சி.எஸ், சி.எம்.ஏ முடித்தவர்களின் தகுதியை முதுகலைப் பட்டத்துக்குச் சமமாக 2021-ல் மானியக் குழு ஏற்றுக்கொண்டது. அவர்களும் நெட் எழுதலாம், பிஹெச்.டி சேரலாம். அந்தப் பக்கம், பி.காமில் 55 சதவிகிதம் எடுத்தவர்கள் சி.ஏ-வில் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேரடியாக இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். 2023 ஜூலையில் வந்த புதிய திட்டத்தில் ஆர்ட்டிக்கிள்ஷிப் 3 வருஷத்திலிருந்து 2 வருஷமாகக் குறைந்திருக்கிறது. அதில் கிடைப்பது சில ஆயிரம் ரூபாய் உதவித்தொகை. ஜே.ஆர்.எஃப்போடு பிஹெச்.டி சேர்ந்தால் மாதம் 37,000 ரூபாய். ஜே.ஆர்.எஃப் கிடைப்பது சுலபமில்லை, சி.ஏ இறுதித் தேர்வும் அப்படித்தான். இரண்டு குரூப்பையும் ஒரே முயற்சியில் எழுதுபவர்களில் பத்துக்கு இரண்டு பேர் தேறினாலே பெரிய விஷயம்.

"பொம்பளப் புள்ளைக்கு ஆடிட்டர் ஆபீஸ் எதுக்கு?" என்று யாராவது இழுத்தால், ஆர். சிவபோகம் பெயரைச் சொல்லலாம். 1930-களிலேயே சென்னையில் சி.எஸ். சாஸ்திரியிடம் பயிற்சி பெற்று, இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர் ஆனவர்.

எம்.காம் சேர்வதாக இருந்தால், விண்ணப்பம் போடும் முன் அந்தத் துறைக்கு நேரில் ஒருமுறை போய் வரலாம். போன வருஷ மாணவர்களின் புராஜெக்ட் ரிப்போர்ட் இரண்டை நூலகத்தில் வாங்கிப் புரட்டினால் போதும். உள்ளே ஒரு நிஜக் கடையின், நிஜப் பட்டறையின் கணக்கு இருக்கிறதா, அல்லது 'மிகவும் திருப்தி' டிக்குகள் மட்டும்தான் இருக்கின்றனவா என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அதுவரை, இந்த வார ஞாயிற்றுக்கிழமை அப்பத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து கடையின் பில் கட்டைப் பிரித்து எழுத ஆரம்பிக்கலாம். கூட்டலில் தப்பு வந்தால் அவரே சொல்லிவிடுவார்.